பூசையில் வைத்த கண்ணாடி

ஒரு மனிதனின் வலது கண் போனதற்கும், இன்னொரு மனிதனின் வேலை போனதற்கும் நான்தான் காரணம். முதலாமவர் ரயில் எஞ்சினில் கரி போட்டவர். பயர்மன் என்று சொல்வார்கள். இரண்டாமவர் என் தாய்மாமன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது அறுபத்திரண்டு. இந்த ஐம்பத்துமூன்று ஆண்டுகளில் இதை நான் மனைவிக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, கோயிலில் நிற்கும்போதுகூட மனதுக்குள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 2009 வைகாசியில் அந்தக் காரணம் என் கையிலேயே உடைந்துபோனது.

அந்தக் காலத்தில் நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா சட்டம் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவர் கப்பலேறியபோது நான் கைக்குழந்தை. அம்மாவும் நானும் பின்னால் வந்து, நான் ஒன்பது வயதாகி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பிள்ளைகளோடு சண்டை போடும் அளவுக்கு ஆங்கிலம் பழகிய பிறகும் அவர் படித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு ஆழமான படிப்பு. எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார். கொழும்பில் ரயில்வேயில் ஆறு வருடம் பிற்றராக, எஞ்சின் பாகங்களைப் பூட்டித் திருத்துபவராக வேலை செய்தவர். இங்கே அவருடைய சான்றிதழை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த எஞ்சின் ஷெட்டில் கொதிகலன் கழுவும் வேலை கொடுத்தார்கள். எஞ்சினின் வயிற்றில் படிந்த சுண்ணாம்பைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி எடுக்கவேண்டும். பிறகு கழற்றியவற்றையெல்லாம் திரும்பப் பூட்டவேண்டும். இரண்டு வருடம் ஒரு நாளும் பிந்தாமல் போன பிறகு, அடுத்த மாதம் பிற்றர் சோதனைக்கு இருக்கலாம் என்று ஃபோர்மன் வாயால் சொல்லியிருந்தார். அந்தப் புரட்டாசியில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சில் பாதி அந்தச் சோதனையைப் பற்றித்தான்.

மீதிப் பாதி எஞ்சின்களைப் பற்றி. மாமாவின் ஷெட்டில் நின்றவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை. என்-செவன் என்று அந்த வகைக்குப் பெயர். லண்டனின் வடகிழக்குப் புறநகர் மக்களை விடியற்காலையில் அள்ளிக்கொண்டுபோய் நகரத்தில் கொட்டிவிட்டு, மாலையில் திரும்ப அள்ளிக்கொண்டு வருகிற சின்ன எஞ்சின்கள். பின்னால் கரிவண்டி இழுக்காமல் தண்ணீரை இரண்டு விலாவிலும் தொட்டியில் சுமப்பவை. மாமா அவற்றின் வரலாற்றை யாரோ நெருங்கிய குடும்பத்தின் கதையைப் போலச் சொல்வார்.

"முதலாம் உலகச் சண்டை நடக்கேக்கை ரெண்டே ரெண்டு பேர் பிறந்தவை. பிறகு சண்டை முடியும்வரைக்கும் பிள்ளை இல்லை. முடிஞ்சாப் பிறகு பத்து, பிறகும் பத்து. பிறகு கொம்பனி கைமாறிச்சுது. புதுக் கொம்பனிக்காரன் வந்தால் பழையவன்ரை சாமானை ஒதுக்குறதுதானே வழக்கம்? இவளை மட்டும் ஒதுக்கேல்லை. இன்னும் நூறுக்கு மேலை செய்விச்சவன். மொத்தம் நூற்றி முப்பத்திநாலு பேர்."

"நூற்றி முப்பத்திநாலு பேரின்ரை வயித்தையும் நீதான் கழுவுறியோ, மச்சான்?" என்று அப்பா சட்டப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்.

மாமா அதைக் கேளாதவர்போல எனக்கு மட்டும் தொடர்ந்து சொல்வார். மூத்தவற்றுக்குத் தோள் சதுரமாக இருக்கும், பிந்திப் பிறந்தவற்றுக்கு உருண்டை. ஆறு பெரிய சில்லுகள், பின்னால் இரண்டு சின்னச் சில்லுகள். திருப்பி நிறுத்தத் தேவையில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வேகத்தில் ஓடும். மாமா காணாத ஒரு காலத்தில், அந்தப் பாதையில் ஓடிய பெட்டிகளின் தலையில் முதலாம் வகுப்புக்கு மஞ்சள் கோடும் இரண்டாம் வகுப்புக்கு நீலக் கோடும் அடித்திருந்தார்களாம். கோட்டைப் பார்த்து ஓடி ஏறுவார்களாம். அந்த நிறத்துக்காகவும் அவசரத்துக்காகவும் அந்த ரயில்களை ஜாஸ் என்று அழைத்தார்களாம். எஞ்சினின் பக்கவாட்டில் பிரேக்குக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்று இருக்கும். எஞ்சின் நின்றாலும் அது நிற்காது, இரைத்துக்கொண்டே இருக்கும். "ஓடி வந்தவள் மூச்சு வாங்குற மாதிரி," என்பார் மாமா. நான் ஸ்டேஷன் பாலத்தில் நின்று அவற்றின் இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். அறுபதுக்கு மேல் சேர்த்திருந்தேன்.

நவராத்திரி வந்தது. பஞ்சாங்கம் கப்பலில் வந்துகொண்டிருந்தபடியால் நவமி எந்த நாள் என்று எவருக்கும் நிச்சயமில்லை. அப்பாவுக்கு வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் நவமி ஆக்கினோம்; அடுத்த திங்கள் தானாகவே விஜயதசமி ஆனது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் யார் எதை வைப்பது என்ற பேச்சு வந்தது. அப்பா சட்டப் புத்தகங்களை வைப்பார். அம்மா தையல் கத்தரிக்கோலை வைப்பார். நான் என் வாசிப்புப் புத்தகத்தையும் கொப்பிகளையும் வைப்பேன்.

"நீ என்ன வைக்கப்போறாய், தம்பி?" என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

"என்ரை ஸ்பானர் எல்லாம் மகாராணியின்ரை, அக்கா. அவவைக் கேட்டுத்தான் வீட்டை கொண்டரவேணும்."

"ஏன், தும்புத்தடி இருக்குத்தானே. அதைக் கொண்டந்து வையன்," என்றார் அப்பா.

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பூசைப் பீடத்தில் குப்பை கூட்டுகிற தும்புத்தடி என்றால் என்னவென்று ஒன்பது வயதுக்கு நன்றாகத் தெரியும். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மாமா கொழும்புக் கதை ஒன்றை எடுத்தார். அங்கே தமிழர் வேலை செய்த ஷெட்டில் ஆயுத பூசையன்று எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிடுவார்களாம். "அண்டைக்கு அவளுக்கு ஓய்வு. அடுத்தநாள் விடியும்வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

அந்தக் கதையை நான் அன்றே உண்மையென்று எடுத்துக்கொண்டேன். அது கொழும்புக்கு உண்மை. லண்டனுக்கும் உண்மை என்று நினைத்தது என் பிழை.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மாமா என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். வெளியாட்களை உள்ளே விட அனுமதி இல்லை. ஆனால் சனி மத்தியானத்தில் ஃபோர்மன் கால்பந்து பார்க்கப் போய்விடுவார் என்று மாமாவுக்குத் தெரியும். மாமா கழுவி முடித்த எஞ்சின் ஒன்று குளிர்ந்துபோய் நின்றது. என்னைத் தூக்கி அதன் ஓட்டுநர் தட்டில் விட்டார். கரி, எண்ணெய், ஈர இரும்பு மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. கொதிகலனின் முகத்தில் ஒரு விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதைச் சுற்றி மூன்று பக்கமும் பித்தளைச் சட்டத்தில் தடித்த கண்ணாடித் தகடுகள் செருகியிருந்தன.

"உள்ளுக்குத் தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு இந்தக் குழாய்தான் சொல்லும்," என்றார் மாமா. "இது எப்பவாவது ஒருநாள் வெடிக்கும். வெடிச்சால் கொதிதண்ணியும் கண்ணாடித் தூளும் பயர்மன்ரை முகத்துக்குத்தான் வரும். அதுக்குத்தான் இந்தக் காப்புக் கண்ணாடி. விளங்குதோ, மருமோன்?"

விளங்கியது. நான் இதை எழுதுவதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். எனக்கு விளங்கியது.

முன்பக்கத் தகட்டை மாமா உருவி எடுத்து, பழைய துணியால் துடைத்து, இருக்கையில் வைத்தார். கையளவு நீளம், ஓரத்தில் பச்சை நிறம், அசல் சிலேட்டுப் போலவே இருந்தது. அந்த நேரம் கீழேயிருந்து யாரோ மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் இறங்கிப் போய் ஐந்து நிமிடம் கழித்து அவசரமாக வந்தார். யாரோ மேலாள் வருகிறார் என்று என்னை இடுப்போடு அணைத்து இறக்கி, பின்வேலியால் வெளியே அனுப்பிவிட்டார். அப்போது அந்தத் தகடு என் குளிர்மேலங்கியின் உள்ளே, விலாவோடு சேர்ந்து கிடந்தது.

ஏன் எடுத்தேன்? திருடவேண்டும் என்ற நினைப்பே இல்லை. மாமாவிடம் ஆயுதம் இல்லை என்று அப்பா சிரித்தார். மாமாவின் ஆயுதம் இது என்று சரஸ்வதிக்கு முன்னால் வைக்க விரும்பினேன். விஜயதசமியன்று படத்துக்கு முன்னால் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு மாமாவிடமே கொடுத்தால், அவர் கொண்டுபோய்ச் செருகிவிடுவார். அதுவரை எஞ்சினுக்கும் ஓய்வுதானே.

ஞாயிறு மாலை அம்மா சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணியை விரித்து, புத்தகங்களை அடுக்கினார். நான் என் கொப்பிகளுக்கு அடியில் தகட்டை வைத்து, துணியின் ஓரத்தால் மூடினேன். கடலைச் சுண்டல், வடை, பொங்கல். தேவாரம் பாடி முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமா கொஞ்சம் பெருமையோடு அம்மாவிடம் சொன்னார்:

"நான் சனி கழுவின எஞ்சின் நாளை விடிய வெளிக்கிடுது, அக்கா. ஆறு மணி வண்டி."

என் வாயில் வடை இருந்தது. எஞ்சினுக்கு ஓய்வு இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். தகடு இல்லாமல் அது போகப்போகிறது என்றும் தெரிந்துகொண்டேன். பூசைக்கு வைத்ததை விடியும்வரை தொடக்கூடாது. சொன்னால் அப்பா அடிப்பார். மாமா என்னைக் களவாக உள்ளே கூட்டிப்போனதும் வெளியே வரும். இவை மூன்றும் அந்த நேரத்தில் எனக்கு ஒரே அளவு பெரிய காரணங்களாகத் தெரிந்தன. வெடிக்கும் என்று மாமா சொன்னதும் நினைவுக்கு வந்தது; எப்பவாவது ஒருநாள் என்றுதானே சொன்னார், நாளைக்கு என்று சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். வடையை விழுங்கினேன். இன்னொன்று கேட்டேன்.

தகட்டை எடுத்தது ஒரு பிள்ளையின் பிழை. அந்த வடையை விழுங்கியதைப் பிழை என்று சொல்லி என்னால் தப்பமுடியாது.

திங்கள் காலை அம்மா எழுப்பியபோது ஏழு மணியிருக்கும். மாமா வழமைபோல விடியமுன் வேலைக்குப் போயிருந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, புத்தகம் எடுக்க உட்கார்ந்தேன். அம்மா தீபம் காட்டினார். கொப்பிகளைத் தூக்கினேன். அடியில் ஒன்றும் இல்லை. துணியின் ஒரு மூலை கிழிந்திருந்தது; எலிதான் கடித்துவிட்டது என்று அம்மா சலித்துக்கொண்டார். மேசையில் மாமாவின் சாப்பாட்டுப் பெட்டி கிடந்தது. "இவன் சாப்பாட்டைக்கூட மறந்திட்டுப் போட்டான்," என்றார்.

நான் சரஸ்வதியைப் பார்த்தேன். அவர் வீணையோடு முன்புபோலவே சிரித்துக்கொண்டிருந்தார். தகட்டை அவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ஐயமின்றி விளங்கியது. கொண்டுபோய் எஞ்சினில் வைத்துவிட்டார் என்றும் நம்பினேன். ஒரு புதுத் தாளில் அ எழுதினேன்.

அன்று காலை எட்டு மணிக்குக் கிட்ட, சிங்ஃபோர்ட் என்ற புறநகரிலிருந்து நகரத்துக்கு இரண்டாவது தடவை வந்துகொண்டிருந்த ரயிலில், அந்த எஞ்சினின் கண்ணாடிக் குழாய் வெடித்தது. பயர்மனுக்கு வயது இருபத்தொன்று. குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மாலையில் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவர் கோட்டும் போட்டிருக்கவில்லை. அப்பா துருவித் துருவிக் கேட்ட பிறகு இரண்டு சொல்லில் சொன்னார்: "நான்தான் மறந்தனான்."

"எதை மறந்தனி?"

"காப்புக் கண்ணாடி. கழட்டித் துடைச்சனான். திரும்பப் போடேல்லை. பயர்மன் பெடியன்ரை வலது கண் போட்டுது."

"கண்ணை மூடிக்கொண்டோ வேலை செய்தனி?" என்று அப்பா கேட்டார். கேட்ட பிறகு தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்கவேண்டும். எழுந்து மற்ற அறைக்குப் போய்விட்டார்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "புத்தகம் எடுத்தனியோ, மருமோன்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "என்ன எழுதினனி?" அ என்றேன். "நல்லது," என்று தலையைத் தடவினார். மற்றக் கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. கோட்டில்லாத குளிர் என்று நினைத்தேன்.

விசாரணையிலும் அதையே சொன்னார். பிற்றர் சோதனை இல்லாமல் போனது. பிறகு வேலையும் இல்லாமல் போனது. சில வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார், கல்யாணம் செய்தார், ஈஸ்ட் ஹாமில் ஒரு மூலைக்கடை போட்டார். கத்தரிக்காயும் கருவாடும் விற்றார். ரயிலில் ஏறமாட்டார், இரண்டு பஸ் மாறியாவது போவார். நான் என் இலக்கக் கொப்பியை அடுப்பில் போட்டேன். அந்தப் பாதைகளுக்கு மின்சாரம் வந்ததும் என்-செவன்களைப் பத்துப் பத்தாக உடைத்தார்கள். நூற்று முப்பத்துநான்கில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆர்வலர்கள் சிலர் வாங்கிப் பாதுகாத்தார்கள். அது மாமாவின் எஞ்சின் இல்லை. ஒருமுறை, காரில் கூட்டிப்போய்க் காட்டட்டுமா என்று கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார்.

நான் பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியரானேன். நீராவிப் பாடத்தை எப்போதும் கரும்பலகையோடு முடித்துக்கொள்வேன். பல்கலைக்கழகத்தில் கடவுள் இல்லை என்று மேசையில் தட்டி வாதித்த காலத்திலும், தகட்டை எடுத்தது சரஸ்வதி என்ற ஒன்றை மட்டும் நான் விடவில்லை. எஞ்சினில் அவர் கொண்டுபோய் வைக்கவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஆனால் என்னிடமிருந்து அவர் அதை எடுத்தாரே. அப்படியானால் அது அவருடைய பொறுப்பு. இதுதான் நான் முதலில் சொன்ன நல்ல காரணம். படித்தவன் இப்படி நினைப்பானா என்று கேட்கலாம். தேவையென்றால் நினைப்பான்.

மாமா 2009 வைகாசியில் இறந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் குறைவு. ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள் அவை; வரவேண்டியவர்களில் பாதிப்பேர் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகையோடு நின்றார்கள். மீதிப்பேர் ஊருக்குப் போன் அடித்து, அடித்து, யாரும் எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தகனசாலையின் கடைசி வாங்குப் பலகையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியே இருந்தார். வலது கண்ணிருந்த இடத்தில் அசையாத ஒரு கண். கன்னமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தழும்பு. யாரென்று கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

"அவரோ? அவர் ஒவ்வொரு நத்தாருக்கும் கார்டு போடுறவர்," என்றார் மாமி.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் மாமி என்னைக் கூப்பிட்டு, கடைத்தாளில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தைத் தந்தார். அதை எனக்குத் தெரியும். மாமா வீட்டில் வருடா வருடம் சரஸ்வதி பூசையில் புத்தகங்களுக்கு அடியில் இருக்கும். பிள்ளைகள் தொடக்கூடாது. ஏதோ பழைய ஏடு என்று நினைத்திருந்தேன்.

"உம்மடை மாமா உதை எறியச் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை கிடந்து ரெண்டு தரம் சொன்னவர். எனக்கு மனம் வரேல்லை. நீர் படிச்சனீர், உது என்னெண்டு ஒருக்காப் பாரும்."

பிரித்தேன். உள்ளே மங்கிப்போன ஒரு துணித்துண்டு. சிவப்புக் கரை. ஒரு பக்கம் கிழிந்த ஓரம். அதற்குள் கையளவு நீளத்தில், ஓரம் பச்சையாக, அந்தத் தகடு.

கிழிந்த மூலையை அம்மா எலி என்றார். நான் கடவுள் என்றேன். வேலைக்குப் போகமுன் விளக்கைக் கும்பிட வந்த மாமா, புத்தகத்துக்கு அடியில் அதைக் கண்டு, துணியோடு இழுத்து, மூலை கிழிய எடுத்துக்கொண்டு, கோட்டையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அன்று மாலை "என்ன எழுதினனி?" என்று என்னைக் கேட்டபோது அது அவருடைய காற்சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

"என்னெண்டு தெரியுமோ?" என்று மாமி மறுபடியும் கேட்டார்.

"தெரியேல்லை, மாமி," என்றேன். அறுபத்திரண்டு வயதில் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கிறிஸ்மஸ் கார்டு ஒன்றின் உறையிலிருந்த முகவரியைப் பார்த்து, சிங்ஃபோர்ட்டில் அந்தப் பயர்மனின் வீட்டு மணியை அடித்தேன். எழுபத்துநான்கு வயது. தனியே இருந்தார். தேநீர் போட்டுத் தந்தார். நான் தகட்டை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னால் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இருக்கவில்லை. அவர் தகட்டைத் தொடவில்லை. நல்ல கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அல்லது மன்னிப்பார், இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

"அது அங்கே இல்லையென்று எனக்குத் தெரியும்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஐந்தே முக்காலுக்கு எஞ்சின் தட்டில் ஏறியவுடனே கண்டேன். சந்தோஷப்பட்டேன். அந்தத் தகடு எப்போதும் அழுக்குப் பிடித்திருக்கும், தண்ணீர் மட்டம் சரியாகத் தெரியாது. நாங்களே கழற்றி வைத்துக்கொண்டு ஓடுவதும் உண்டு. இல்லையென்று கண்டால் எஞ்சினை எடுக்கக்கூடாது, அதுதான் சட்டம். விசாரணையில் கேட்டார்கள். இருட்டாக இருந்தது, கவனிக்கவில்லை என்றேன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்தார். "வண்டி யார்டை விட்டு வெளிக்கிட்டபோது உங்கள் மாமா பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிவந்தார், கையில் ஏதோ வெள்ளைத் துணியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தார். நான் சிரித்துக்கொண்டு திரும்பக் கை காட்டினேன். நல்ல மனிதர், வழியனுப்புகிறார் என்று நினைத்தேன். வலது கண்ணால் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த முகங்களில் அதுவும் ஒன்று."

"மாமாவுக்குத் தெரியுமா, நீங்கள் கண்டதென்று?"

"சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு ஞாயிறும் வருவார். மற்றவர்கள் திராட்சைப்பழம் கொண்டுவருவார்கள். இவர் தகரப் பெட்டியில் தேங்காய்ச்சொட்டுப் போட்ட அவித்த கடலை கொண்டுவருவார். மூன்றாவது ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். விசாரணை அடுத்த வாரம் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து, சாப்பிடு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை."

பிறகு தன் கோப்பையை மேசையோரம் தள்ளி வைத்தார். பேசியபோது என்னைப் பார்க்கவில்லை.

"ஐம்பத்துமூன்று வருடமாக, அவர் எனக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்காகச் செய்த பெரிய காரியம் அது. இன்றைக்கு நீங்கள் வந்து, அது உங்களுக்காக என்கிறீர்கள்."

நான் பரிகாரம் செய்யப் போயிருந்தேன். போன இடத்தில் அவரிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துவிட்டேன். இரண்டு பேருக்காகவும் இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றார். வாசல்வரை வந்தார். தகட்டை எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னார்.

அந்த வருடப் புரட்டாசியில் மாமி வீட்டில் பூசை. இப்போது ஈஸ்ட் ஹாமில் எந்தக் கடையிலும் பஞ்சாங்கம் வாங்கலாம்; நாள் சரியாகவே இருந்தது. பயர்மனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வரமாட்டார் என்று நினைத்தேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். மாமி சுண்டலும் தேக்கரண்டியும் கொடுத்தார். தீபம் காட்டி முடிந்ததும், குடும்பத்தார் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் தகட்டை எடுத்து வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னேன். பிறகு அவர் தன் பங்கைச் சொன்னார். நான் மாமிக்காகத் தமிழில் சொன்னேன். என் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் மூத்த மகள் எழுந்து வெளியே போனாள். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. அவளுடைய அப்பா ஒரு மறதிக்காரர், அந்த மறதியால் ஒரு பெடியனின் கண் போனது என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தோம்.

மாமி தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் சொல்லிப்போட்டியள். நல்லது," என்றார். "என்ரை மனிசன் ஆருக்குச் சொல்லுறது?"

வண்டி போனதிலிருந்து குழாய் வெடிக்கும்வரை இருந்த இரண்டு மணி நேரத்தில் மாமாவும் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி தகட்டைத் துடைத்து, புத்தகங்களுக்கு அடியில், பழைய இடத்திலேயே வைத்தார். காலையில் நான் புத்தகம் எடுக்கப் போனபோது அது அங்கேதான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை மேசையில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி நான் மாமியிடமும் பயர்மனிடமும் சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. அ எழுதி முடித்ததும் எனக்குப் பசித்தது. மாமா மறந்துவிட்டார், இனி வந்து எடுக்கப்போவதில்லை என்று பெட்டியைத் திறந்தேன். முதல்நாள் பூசை வடை இரண்டு இருந்தது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே அவர் வண்டிக்குப் பின்னால் ஓடி முடித்து, தண்டவாளத்தில் தகட்டோடு நின்றிருப்பார். நான் ஒன்றைத் தின்றேன். நன்றாக இருந்தபடியால் மற்றதையும் தின்றேன்.